‘ஆயுளுக்கும் போதும்’ என்று சொன்ன ஆயில்

கேள்வி: நான் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். வயது 57. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால் இரண்டு வருடத்துக்கு முன்பு ஆட்டோமேட்டிக் கியர் உள்ள டீசல் பிக்கப் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இப்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வலை, கயிறு, படகு எஞ்சின் சாமான் எல்லாம் இதில்தான் போய் வருகிறது. ஒரு மாதமாகக் காலையில் முதல் தடவை ரிவர்ஸ் எடுத்துவிட்டு டிரைவில் போட்டால், இரண்டு மூன்று விநாடி சும்மா நிற்கிறது. அப்புறம் ‘டக்’கென்று ஓர் உதை உதைத்துக் கிளம்புகிறது. சூடேறிவிட்டால் சரியாகிவிடுகிறது. கியர் ஆயில் மாற்றச் சொன்னால், சர்வீஸ் சென்டரில் ‘இது ஆயுளுக்கும் போதுமான ஆயில், தொடக்கூடாது’ என்கிறார்கள். திருவொற்றியூர் பக்கம் ஒரு மெக்கானிக் ‘மெஷின் போட்டு மொத்தமாகக் கழுவிவிடலாம்’ என்கிறார். தெரிந்த டிரைவர் ஒருவர் ‘இத்தனை கிலோமீட்டருக்கு மேல் புது ஆயில் ஊற்றினால் கியரே பிடிக்காது’ என்று பயமுறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது? சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: அண்ணே, கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். உங்கள் வண்டி இன்னும் கியரைப் பிடிக்கிறது, தாமதமாகத்தான் பிடிக்கிறது. என் பட்டறைக்கு வரும் பல வண்டிகள் கியரே விழாமல் லாரி மேல் ஏறித்தான் வருகின்றன. நீங்கள் அதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிலை மாற்றுங்கள். மெஷின் வேண்டாம். கீழே பிளக்கைத் திறந்து, தானாக வடிவதை வடியவிட்டு, வடிந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றினால் போதும். அதையும் ஒரே தடவையில் முடிக்காமல் மூன்று தடவையாகச் செய்யுங்கள். காரணத்தையும் விளக்கிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நாளைக்கு நாலாவதாக ஒருவர் வந்து வேறொன்று சொல்லும்போது குழம்பாமல் இருப்பீர்கள்.

படகு கியர் பாக்ஸை நீங்கள் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆயிலின் முக்கிய வேலை பல்லுக்குப் பல் உராயாமல் காப்பது. உங்கள் பிக்கப்பில் இருக்கும் பெட்டியில் ஆயிலுக்கு இன்னும் மூன்று வேலை உண்டு. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு உருண்டை இருக்கிறது. அதற்குள்ளே எதிரெதிராக இரண்டு காற்றாடி, சுற்றிலும் ஆயில். எஞ்சின் ஒரு காற்றாடியைச் சுழற்ற, அது ஆயிலை வீச, அந்த வேகத்தில் மற்றது சுழலும். ஆக, எஞ்சினின் சக்தியைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோவதே ஆயில்தான். அடுத்து, எந்தக் கியர் விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னதும், சொலினாய்டு என்கிற மின்சார வால்வு திறந்து ஆயில் அழுத்தமாகப் பாய்ந்து, அந்தக் கியருக்கான கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கை செய்கிற வேலையை ஆயில் செய்கிறது. கடைசியாக, அந்தப் பிளேட்டுகள் சேரும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையும் ஆயிலில் கலந்திருக்கிற மருந்துதான் தீர்மானிக்கிறது. அளவுக்கு மேல் வழுக்கினால் தீய்ந்துவிடும், வெடுக்கென்று பிடித்தால் உதைக்கும்.

கடல் தொழில் செய்கிறவர் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்துகொண்டிருந்தார்கள். சூட்டைத் தாங்கி, பிளேட்டுகளுக்கு நடுவில் அளவான வழுக்கலைக் கொடுக்க அதுபோல் வேறொன்று அப்போது கைவசம் இல்லை. அந்தத் திமிங்கலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகு ரசாயனத்தில் மாற்று தேட வேண்டியதாயிற்று. இன்று நாம் ஊற்றும் சிவப்பு ஆயில் அப்படித் தேடியதன் வழியில் வந்தது. அந்த மருந்து தேயும், சூட்டில் கெடும். ஆயில் அளவு குறையாமல் இருந்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு தீர்ந்துபோகும்.

இனி அந்த ‘ஆயுளுக்கும்’ என்ற பேச்சு. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். இப்படி ‘ஆயுள் ஆயில்’ என்று சொல்லப்படும் பெட்டிகளைச் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. வண்டியோடு வரும் கையேட்டையும் கடைசிப் பக்கங்கள் வரை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கடுமையான உபயோகத்துக்கு என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். அதிக பாரம், தூசி, அடிக்கடி நின்று நின்று போவது, குறைந்த தூரம் ஓடி நிறுத்துவது என்று அதில் எழுதியிருப்பதை எல்லாம் படித்தால், காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஓடுகிற ஒரு வண்டியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக வாசலுக்காகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால், மே மாதப் பகலில், ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிறீர்கள் என்று வையுங்கள். ஜி.என்.டி. ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிடக் கியர் பாக்ஸுக்கு இதுதான் பெரிய தண்டனை. வேகமாகப் போகும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கிற ‘லாக்-அப்’ கிளட்ச் பூட்டிக்கொள்ளும்; இரண்டு காற்றாடியும் ஒன்றாகச் சுழல்வதால் சூடு குறைவு, எதிர்க்காற்றும் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரில் பட்டுக்கொண்டே இருக்கும். ஊர்ந்து போகும்போது அது பூட்டுவதே இல்லை. எஞ்சின் கொடுக்கிற சக்தியில் பெரும்பங்கு ஆயிலைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. சாதாரணமாக 80 முதல் 95 டிகிரியில் நிம்மதியாக இருக்கும் ஆயில், 120ஐத் தாண்டிவிட்டால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். அதனால்தான் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து வட சென்னை வண்டியை எடை போடக்கூடாது என்று நான் சொல்வது.

மெஷின் போடச் சொன்னவரைத் தப்பு சொல்ல மாட்டேன். காலாகாலத்தில் ஆயில் மாற்றிவந்த வண்டிக்கு அது நல்ல முறைதான். உங்கள் வண்டி அப்படி இல்லை. முதல் உரிமையாளர் என்ன செய்தார் என்று தெரியாது; 92,000 கிலோமீட்டரும் ஒரே ஆயிலில்தான் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அவ்வளவு காலம் அடியில் படிந்த கசடை ஒரே மூச்சில் கலக்கிவிட்டால், அது ஆயிலை ஒவ்வொரு கியருக்கும் பிரித்து அனுப்புகிற வால்வ் பாடிக்குள்ளே மெல்லிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஆகிற செலவு வேறு கணக்கு.

டிரைவர் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. கிளட்ச் பிளேட் முழுக்கத் தேய்ந்துபோன பெட்டியில், அந்தப் பிளேட்டின் தூளே ஆயிலில் கலந்து மணல் மாதிரி கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கும். சுத்தமான ஆயில் போனதும் அந்தப் பிடிமானம் போய்விடும், வண்டி நகராது. பார்க்கிறவர்களுக்கு ‘ஆயில் மாற்றினார்கள், கெட்டுப்போச்சு’ என்றுதான் தெரியும். உண்மையில் அந்தப் பெட்டி ஏற்கெனவே முடிந்துபோனது. உங்கள் வண்டி சூடேறிய பிறகு சரியாகப் பிடிக்கிறது என்கிறீர்கள். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தி, வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். அப்படி இல்லையென்றால் பிளேட்டில் இன்னும் உயிர் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

ஆயிலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம். கியரைப் போட்டதும் ஒரு விநாடி, மிஞ்சினால் ஒன்றரை விநாடிக்குள் வண்டி பிடித்துவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மூன்று ஆகிறது, அதுவும் குளிர்ந்திருக்கும்போது மட்டும். ஆயில் குறைந்திருக்கலாம், ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். ஆனால் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட் முடிந்த நேரத்தில் மின்சாரம் இளைத்திருந்தால், சொலினாய்டுகள் சோம்பலாக வேலை செய்யும். நம் பக்கத்து உப்புக் காற்றில் எர்த் கேபிள் முனைகள் பச்சை பூத்துப்போவது சர்வசாதாரணம். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற எர்த் கேபிள்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முறுக்குங்கள். அப்படியே ஸ்கேனர் போட்டு, கம்ப்யூட்டரில் ஏதாவது பழுதுக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஆயில் மாற்றும் நாளுக்கு வருவோம். எந்த ஆயில்? உங்கள் கையேட்டில் என்ன ரகம் எழுதியிருக்கிறதோ அதே ரகம். டொயோட்டா ஹைலக்ஸுக்கு டபிள்யூ.எஸ். என்று ஒரு ரகம், மற்ற கம்பெனிக்கு வேறு ரகம். ‘எல்லாம் சிவப்பு ஆயில்தானே, இதுவே போதும்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பெல்ட்டில் ஓடுகிற சி.வி.டி. கியருக்கான ஆயில் வேறு, ஏ.எம்.டி. என்று சொல்கிறார்களே, அது மேனுவல் கியர் பாக்ஸில் மோட்டார் வைத்தது, அதற்கு சாதாரண கியர் ஆயில். இந்த மூன்றையும் மாற்றி ஊற்றிப் பெட்டி போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் எங்கே வாங்கினாலும் சீல் உடையாத கேனாக, பில்லோடு வாங்குங்கள். காலி கேனை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள்.

வேலை ஆரம்பிக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நின்று ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். அது திறந்த பிறகுதான் அடியில் இருக்கிற டிரெய்ன் பிளக்கில் ஸ்பானர் வைக்க வேண்டும். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு வண்டியில் ஆயிலை முழுக்க வடித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஃபில்லர் பிளக் துருப்பிடித்து அசையவே இல்லை. தலை வழுக்கி வட்டமாகிவிட்டது. ஆயில் இல்லாத வண்டியை நகர்த்தவும் முடியாமல் இரண்டு நாள் அதே இடத்தில் நின்றது. அந்த வண்டிக்காரருக்கு இரண்டு நாள் பிழைப்பு போனது. கடற்கரை வண்டிகளில் இந்தத் துரு அதிகம் என்பதால் இதை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

வடிகிற ஆயிலை அளவுச் சட்டியில் பிடிக்கச் சொல்லுங்கள். பெட்டியிலும் கன்வெர்ட்டரிலும் சேர்த்து மொத்தம் 10 லிட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பிளக்கைத் திறந்தால் வருவது 4 லிட்டர்தான். மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். 4 லிட்டர் புதுசு ஊற்றினால் உள்ளே பழையது 60 சதவீதம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அதையே செய்தால் பழையது 36 சதவீதமாகும். மூன்றாவது தடவைக்குப் பிறகு 22 சதவீதத்துக்குள் வந்துவிடும். கசடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும், எதையும் அடைக்காது. முதல் தடவையிலேயே பெட்டிக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டை, அதாவது ஆயில் பேனைக் கழற்றி, ஃபில்டரையும் பேக்கிங்கையும் மாற்றிவிடுங்கள். பேனுக்குள் சின்னச் சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு வைக்கலாம். கையில் நெருடுகிற செதில், கம்பி மாதிரி துண்டு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்.

அடுத்தது ஆயில் மட்டம். இதில்தான் நம் ஊரில் அதிகம் தப்பு நடக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான பெட்டிகளில் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் கம்பி கிடையாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரிலும் சில விநாடிகள் போட்டு, பார்க்குக்குத் திரும்பி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது மட்டத்துக்கான பிளக்கைத் திறக்க வேண்டும். ஒழுகுகிற ஆயில் மெல்லிய தாரையாகி, சொட்டாகிற நேரத்தில் மூட வேண்டும். அந்தச் சூடு பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. ஸ்கேனரில் பார்த்துத்தான் அளக்க வேண்டும், கையால் தொட்டுப் பார்த்து அல்ல.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு இதில் சிரமமே இல்லை. நமக்குக் கத்திரி வெயிலில், பகல் 12 மணிக்கு வெளியே நிற்கிற வண்டி ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே 40 டிகிரியை நெருங்கியிருக்கும். எல்லாக் கியரிலும் போட்டுப் பார்த்து முடிப்பதற்குள் அளவு தாண்டிவிடும். சூட்டில் ஆயில் விரிந்திருப்பதால் தேவைக்கு மேல் வெளியே ஒழுகிவிடும். மெக்கானிக் மட்டம் சரி என்று மூடிவிடுவார். ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே அளவைவிடக் குறைவாக இருக்கும். அப்புறம் பம்ப் காற்றை உறிஞ்சும், ஆயில் நுரைக்கும், காலையில் கியர் தாமதமாகப் பிடிக்கும். நீங்கள் சொன்ன கோளாறே இப்படி யாரோ செய்த வேலையால் வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அளவுக்கு மேல் ஊற்றினாலும் கியர்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். அதனால் வண்டியை முந்தின நாள் இரவே பட்டறையில் விட்டுவிட்டு, விடியற்காலையில் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். விடிகாலை ஏலத்துக்குப் போய்ப் பழகிய உங்களுக்கு அந்த நேரம் ஒன்றும் புதிதில்லை.

இதற்கு ஏற்ற நேரமும் உங்களுக்கு வருடாவருடம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகை மேலே ஏற்றி அடிப்பாகம் முதல் எஞ்சின் வரை பார்க்கிறீர்கள் அல்லவா, அதே சமயத்தில் இந்த வண்டியின் அடிப்பாகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இந்த வருடம் மட்டும் காத்திருக்க வேண்டாம், முதல் தடவையை இந்த மாதமே செய்யுங்கள். மூன்று தடவை முடிந்த பிறகு, 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வடித்து ஊற்றினால் போதும்.

அடிப்பாகம் என்றதும் கூலர் நினைவுக்கு வருகிறது. படகில் கியர் ஆயில் கூலர் ஓட்டை விழுந்தால் கடல் தண்ணீர் கலந்து ஆயில் மோர் மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். பல பிக்கப்களில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது, அங்கேயும் இதே கதைதான். ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது உள்ளேயிருந்து குழாயை அரித்து, ஒருநாள் கூலண்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி மாறும். தண்ணீர் பட்டால் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் லைனிங் பசை விட்டு உரிந்துவிடும், அப்புறம் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. தண்ணீர் அளவாகக் கலந்தே கேனில் விற்கும் கூலண்டையே வாங்கி ஊற்றுங்கள். கூலருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் துருவும் ஆயில் ஈரமும் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். துறைமுகத்துக்குள் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் குழாயைக் கூலர் தகடுகளுக்கு மிக அருகில் பிடித்தால் மடங்கிவிடும், தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போய்விடுங்கள். கியர் பாக்ஸ் மேலே மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, தண்ணீர் அந்த வழியாகவும் உள்ளே போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மணலி பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வந்தது. தெருவில் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. உரிமையாளர் ஸ்டார்ட் ஆகிறதே என்று சந்தோஷப்பட்டு அப்படியே ஓட்டிவந்துவிட்டார். ஓட்டாமல் இருந்திருந்தால் இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றியே காப்பாற்றியிருப்பேன். எனக்கு இன்றுவரை அது மனதில் உறுத்துகிறது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் மேலே ஏற்றிச்செல்கிற லாரியைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது, பின் சக்கரம் சுழலச் சுழல உள்ளே எல்லாம் வறண்டு தேயும்.

சிக்னல் கேள்விக்குப் பதில். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்றால் டிரைவிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் முதல் கியர் கிளட்ச் புதிதாகச் சேர வேண்டியிருக்கும், அதுவும் தேய்மானம்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், கண்டெய்னர் வரிசை என்று சில நிமிடங்கள் நிற்கப்போவது தெரிந்தால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள், காலுக்கும் ஓய்வு. ஓடும்போது மட்டும் நியூட்ரலில் தள்ளாதீர்கள். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது சக்கரம் முழுக்க நின்ற பிறகே மாற்றுங்கள். ஏலக்கூடத்து நெரிசலில் வண்டி பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே டிரைவில் தட்டுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. நிறுத்தும்போது நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை விட்டுப் பார்ப்பது, அதற்குப் பிறகே பார்க். இல்லையென்றால் வண்டியின் மொத்த பாரமும் உள்ளே ஒரு சின்ன ஆணி மேல் உட்காரும்.

ஆயில் மாற்றியதும் ஒருசில நாள் கியர் மாறுவது புதுசாகத் தெரியும். பழைய ஆயிலுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியிருக்கும், அது திரும்பப் பழக வேண்டும். ஸ்கேனரில் அந்தப் பழைய பதிவை அழித்துவிட்டு, நிதானமாக ஓட்டுங்கள். முதல் தடவை வடிக்கும்போது கொஞ்சம் ஆயிலை வெள்ளை பாட்டிலில் பிடித்து வையுங்கள், பேன் காந்தத்தையும் துடைப்பதற்கு முன்பு போனில் ஒரு படம் எடுங்கள். பழுப்பு நிறம் என்றால் இதே வழியில் தொடரலாம். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் இரண்டாவது தடவைக்குப் போகாமல் அந்தப் பாட்டிலையும் படத்தையும் எனக்குக் காட்டுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.